1,252 ஆட்டம், ஒரே ஒரு ஓட்டு: ஜெசி ஒரோஸ்கோவை எங்கே வைப்பது?

#1 · கரையோர மோகன்

பேஸ்பால் என்று தலைப்பில் போட்டால் இங்கே நாலு பேர்தான் எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரியும். அந்த நாலு பேருக்காகத்தான் இது.

போன வாரம் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. அமெரிக்க மேஜர் லீகில் மிக அதிக ஆட்டங்களில் பந்து வீசியவர் யார்? நான் யோசிக்காமல் மரியானோ ரிவேரா என்றேன். இல்லையாம். ரிவேரா 1,115 ஆட்டம். அவருக்கு மேலே மூன்று பேர் இருக்கிறார்கள்: ஜான் ஃபிராங்கோ 1,119, மைக் ஸ்டான்டன் 1,178, எல்லோருக்கும் உச்சியில் ஜெசி ஒரோஸ்கோ 1,252. மூன்று பேரும் இடது கை. மூன்று பேரும் ரிலீவர், அதாவது ஆட்டத்தின் நடுவிலோ கடைசியிலோ வந்து பந்தை வாங்கிக்கொள்பவர்கள்.

ஒரோஸ்கோ 1979-ல் அறிமுகமானவர். 1980-ஐ மட்டும் கீழ்நிலை அணிகளில் கழித்தார். மற்றபடி 2003 வரை மொத்தம் 24 சீசன், ஒன்பது அணிகள். ஓய்வு பெறும்போது வயது 46.

அப்புறம் 2009-ல் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பாலின் பெரிய கௌரவப் பட்டியலுக்கான வாக்கெடுப்பு வருகிறது. ஓட்டுப் போட்டவர்கள் 539 பேர். ரிக்கி ஹெண்டர்சனுக்கு 511. ஒரோஸ்கோவுக்கு ஒன்று. ஐந்து சதவீதம்கூட வரவில்லை என்றால் அடுத்த வருடம் சீட்டில் பெயரே இருக்காது. அத்தோடு கதை முடிந்தது.

ஒரு விளையாட்டில் வேறு யாரும் செய்யாத அளவுக்கு ஒரு வேலையைச் செய்தவருக்கு ஒரே ஒரு ஓட்டா? இது நியாயமா, இல்லை நான்தான் வெறும் எண்ணைப் பார்த்து மயங்குகிறேனா? சொல்லுங்கள்.

#2 · அடையாறு அம்பயர்

மயங்குகிறீர்கள், மோகன்.

1,252 ஆட்டத்தில் அவர் வீசியது 1,295⅓ இன்னிங்ஸ். ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு இன்னிங்ஸ், மூன்று அவுட். இந்தச் சாதனையை நெடுங்காலம் கையில் வைத்திருந்த ஹாய்ட் வில்ஹெல்ம் 1,070 ஆட்டத்தில் 2,254 இன்னிங்ஸ் வீசினார். அவரை ஒரே ஒரு ஆட்டத்தில் தாண்டிய டெனிஸ் எக்கர்ஸ்லி 3,285. 1999 ஆகஸ்டில் எக்கர்ஸ்லியின் 1,071-ஐ ஒரோஸ்கோ தாண்டினார், சரி. ஆனால் எதைத் தாண்டினார்? மைதானத்துக்குள் நடந்து வந்த எண்ணிக்கையை.

24 வருடம் லீவே போடாமல் பள்ளிக்கூடம் வந்த பையனுக்கு ஆண்டு விழாவில் ஒரு டிபன் பாக்ஸ் கொடுக்கலாம். முதல் ரேங்க் கொடுக்க முடியாது.

#3 · சுந்தரி_க

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், ஆனாலும் இழை பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, மூன்று அவுட் எடுக்க ஒரு ஆளைத் தனியாக வைத்திருப்பார்களா? இரண்டு, முதல் மூன்று இடமும் இடது கை என்றால் அது தற்செயலா? அம்பயர் சார் திட்டாமல் பதில் சொல்லவும் :)

#4 · நொட்டாங்கை நாகா

சுந்தரி அக்கா, என் பெயரைப் பார்த்தீர்கள் அல்லவா? இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் இடது கையால் ஒரு தட்டைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். பீச்சாங்கை, நொட்டாங்கை, தெற்கே போனால் ஒரட்டாங்கை, எந்தப் பெயரிலும் மரியாதை கிடையாது. டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் மட்டும்தான் அந்தக் கைக்கு முதல் மரியாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலுக்கே வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் அப்படி ஒன்றும் பெரிய பவுலர் இல்லை. பந்து வரும் கோணம் எதிராளிக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

பேஸ்பாலில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். பிட்ச்சருக்கும் பேட்டருக்கும் நடுவே 18.44 மீட்டர், நம் பிட்ச்சைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல் குறைவு. பந்து தரையில் பட்டு வருவதில்லை, நேராக வருகிறது. அரை விநாடிகூட அவகாசம் இல்லை. இப்போது இடது கை பேட்டர் ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலது தோள் பிட்ச்சர் பக்கம். வலது கை பிட்ச்சர் வீசினால் பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே அவருக்கு நன்றாகத் தெரியும். இடது கை பிட்ச்சர் வீசினால், பந்து அவருடைய முதுகுப் பக்கமிருந்து வருவது போல இருக்கும். ஸ்லைடராக இருந்தால் விலாவைப் பார்த்து வந்து கடைசி நொடியில் விலகி ஓடும். உடம்பு பின்வாங்கும், மட்டை மட்டும் முன்னால் போய்க் காற்றைத் துழாவும். ஒரோஸ்கோவின் சாப்பாடே அந்த ஸ்லைடர்தான்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். பேஸ்பாலில் வெளியே போன ஆள் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அதனால் எதிரணியின் பெரிய இடது கை பேட்டர் எட்டாவது இன்னிங்ஸில் வரும்போது, இடது கை ரிலீவரை இறக்கினால், அவர்கள் அந்த நட்சத்திரத்தை உட்கார வைத்து வலது கை ஆளை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நட்சத்திரத்தைக் கஷ்டப்பட விட வேண்டும். இரண்டுமே நமக்கு லாபம். மேனேஜர்கள் இந்தச் சதுரங்கத்தை ஆடத்தான் புல்பென்னில், அதாவது ரிலீவர்கள் காத்திருக்கும் கொட்டடியில், எப்போதும் ஒன்றிரண்டு இடது கைகளைக் கட்டி வைத்திருப்பார்கள்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் இதுவே பதில். தற்செயல் இல்லை. இடது கை இருந்து மூச்சும் இருந்தால் அங்கே வேலை உண்டு என்று கிண்டலாகச் சொல்வார்கள்.

#5 · அடையாறு அம்பயர்

நான் யாரையும் திட்டுவதில்லை, சுந்தரி. உண்மையைச் சொன்னால் சிலருக்குத் திட்டு மாதிரி கேட்கிறது.

நாகா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம். கை அமைந்த அதிர்ஷ்டம், அதனால் வேலை நீடித்தது.

#6 · பழைய ஸ்கோர்கார்டு

அம்பயர் சார், ஒரோஸ்கோவின் கடைசிப் பத்து வருடத்தை வைத்து 24 வருடத்தையும் எடை போடுகிறீர்கள். முதல் பத்தைப் பார்ப்போம். கொஞ்சம் நீளும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

1957-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பிறந்தவர். 1978-ல் அவரைத் தேர்ந்தெடுத்த அணி மினசோட்டா ட்வின்ஸ். அங்கே மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் தன் மூத்த இடது கை பிட்ச்சர் ஜெர்ரி கூஸ்மனை மினசோட்டாவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர், பெயர் பிறகு சொல்கிறோம் என்று பாக்கி வைத்திருந்த ஆள், இந்த ஒரோஸ்கோ. கடைக்காரர் சில்லறைக்குப் பதில் கொடுக்கும் மிட்டாய் மாதிரி.

கூஸ்மன் யார் தெரியுமா? 1969-ல் மெட்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக் கோப்பைக்கான கடைசித் தொடரை, வென்றபோது கடைசி அவுட்டுக்குப் பந்து போட்டவர். இரண்டாவது முறை 1986-ல் வென்றபோது கடைசி அவுட் எடுத்தவர் ஒரோஸ்கோ. மெட்ஸ் இன்றுவரை வென்றது அந்த இரண்டுதான். அந்த இரண்டு கைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கதையில் எழுதினால் ஓவர் என்று சொல்லிவிடுவோம்.

1983-ஐப் பாருங்கள். மெட்ஸ் 94 ஆட்டம் தோற்ற வருடம். அந்த அணியில் ஒரோஸ்கோ 62 ஆட்டம், 110 இன்னிங்ஸ், 13 வெற்றி, 17 சேவ், இ.ஆர்.ஏ. 1.47. (சுந்தரிக்கு: சேவ் என்றால் அணியின் முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது. இ.ஆர்.ஏ. என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் ஏறும் ரன். மூன்றுக்குக் கீழே இருந்தாலே நல்ல பிட்ச்சர்.) சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். அந்த ஜூலை 31-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டிலும் இறங்கி, இரண்டிலும் வெற்றி இவர் கணக்கில். அடுத்த வருடம் 31 சேவ். இது டிபன் பாக்ஸ் பையனா?

1986-ல் மெட்ஸின் புல்பென் இரட்டைக் குழல் துப்பாக்கி. வலது கை ராஜர் மெக்டவல் 22 சேவ், இடது கை ஒரோஸ்கோ 21. லீக் இறுதித் தொடரில் ஹூஸ்டனுக்கு எதிராக மெட்ஸ் வென்ற நான்கு ஆட்டங்களில் மூன்று ஒரோஸ்கோ பெயரில். ஒரே பிளே-ஆஃப் தொடரில் ஒரு ரிலீவர் மூன்று வெற்றி எடுத்தது அதுவே முதல்முறை.

அந்த மூன்றாவது வெற்றி, அக்டோபர் 15, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், 16 இன்னிங்ஸ். ஒரு முழு ஆட்டமும் முக்கால் ஆட்டமும் சேர்த்து ஆடியது போல. 14-ஆவதில் மெட்ஸ் ஒரு ரன் முன்னால். ஒரோஸ்கோ வருகிறார். பில்லி ஹாட்சர் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்கிறார். இவரையே விட்டுவைக்கிறார்கள், வேறு வழியில்லை. 16-ஆவதில் மெட்ஸ் மூன்று ரன் எடுத்து 7–4. பதிலுக்கு ஹூஸ்டன் 7–6 வரை வந்துவிட்டது. இரண்டு பேர் பேஸில் (ரன்னுக்கு ஓடுகிறவர்கள் நிற்கும் இடம்), இரண்டு அவுட், மட்டையோடு கெவின் பாஸ். ஃபாஸ்ட்பால் மட்டும் போடவே கூடாது என்று அணித்தோழர் கீத் ஹெர்னாண்டஸ் வந்து மிரட்டியதாக ஒரு கதை உண்டு. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஒரோஸ்கோ போட்டது எல்லாம் வளைந்து விழும் பந்து. பாஸ் கடைசிப் பந்துக்கு மட்டையை வீசினார், கிடைக்கவில்லை. அன்று தோற்றிருந்தால் ஏழாவது ஆட்டத்தில் மைக் ஸ்காட்டைச் சந்திக்க வேண்டும். அந்தத் தொடரில் ஸ்காட்டின் இரண்டு ஆட்டத்தையும் மெட்ஸ் தோற்றிருந்தது. அதனால்தான் அந்த 16 இன்னிங்ஸும் அவ்வளவு பதற்றம்.

#7 · சுந்தரி_க

ஐயோ. டீ ஆறிவிட்டது.

#8 · வேலூர் விக்கி

ஸ்கோர்கார்டு அண்ணே, அருமை. ஆனால் உலகத் தொடரில் இவருக்கு என்ன பெருமை? பாஸ்டனின் பில் பக்னர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டார், அந்தக் கடைசி ஆட்டத்தை மெட்ஸ் வென்றது. ஒரோஸ்கோ சும்மா வந்து கடைசியில் கை தூக்கினார். நான் யூடியூபில் பார்த்தேன்.

#9 · பழைய ஸ்கோர்கார்டு

விக்கி தம்பி, யூடியூபில் இரண்டு வீடியோவை ஒட்டிப் பார்த்துவிட்டாய். பக்னர் விட்டது ஆறாவது ஆட்டம், அக்டோபர் 25. கோப்பை கிடைத்தது ஏழாவது ஆட்டத்தில், 27-ஆம் தேதி. அந்தக் குழப்பம் அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்கு உண்டு.

ஆனால் நீ பக்னரை இழுத்தது நல்லதாகப் போயிற்று. இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததே அதுதான்.

ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். பாஸ்டன் 3–2 முன்னால். இரண்டு அவுட், மூன்று பேஸும் நிரம்பி இருக்கிறது. அடுத்த பேட்டர் பக்னர், இடது கை. மவுண்டில், அதாவது பந்து வீசும் மேட்டில், வலது கை மெக்டவல். மெட்ஸ் மேனேஜர் டேவி ஜான்சன் மெக்டவலை எடுத்துவிட்டு ஒரோஸ்கோவைக் கூப்பிடுகிறார். இடதுக்கு இடது, நாகா விளக்கிய அதே கணக்கு. பாஸ்டன் பெஞ்சில் டான் பேய்லர் உட்கார்ந்திருக்கிறார், வலது கை, பலமான அடி. பக்னருக்கோ கணுக்கால் படுமோசம், நொண்டி நொண்டித்தான் ஓடினார். எல்லாக் கணக்கும் பேய்லர் என்கிறது. பாஸ்டன் மேனேஜர் ஜான் மெக்நமாரா பக்னரையே ஆட விட்டார். நடு மைதானத்துக்கு ஒரு கேட்ச். மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

பேய்லர் வந்திருந்தால் விதிப்படி பக்னர் வெளியே. முதல் பேஸில் வேறு ஆள் நின்றிருப்பார். பத்தாவது இன்னிங்ஸில் மெட்ஸின் மூக்கி வில்சன் தட்டிய அந்தப் பந்து வேறு ஒருவரிடம் போயிருக்கும். பக்னர் அதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்த ஒரு பந்துக்காக வசவு வாங்கினார்! அந்த வசவுக்கு விதை போட்டது எட்டாவது இன்னிங்ஸ்.

ஒரோஸ்கோவுக்கு அன்று அதோடு வேலை முடிந்தது. ஒரே பேட்டர், ஒரே அவுட். கீழ்ப்பாதியில், அதாவது மெட்ஸ் மட்டை பிடிக்கும் பாதியில், அவருடைய முறை வந்தபோது லீ மசில்லி அவருக்குப் பதிலாக மட்டை பிடித்தார், அடித்தார், சமன் செய்யும் ரன்னாகவும் ஓடி வந்தார். ஸ்கோர்கார்டில் ஒரோஸ்கோ பெயருக்கு நேரே ⅓ இன்னிங்ஸ் என்று இருக்கும். அந்த மூன்றில் ஒரு பங்குக்கு நான் முதல் ரேங்க் கொடுப்பேன், அம்பயர் சார்.

ஏழாவது ஆட்டத்துக்கும் வருகிறேன். சும்மா வந்து கை தூக்கவில்லை, விக்கி. எட்டாவதில் 6–5, இரண்டாவது பேஸில் ஆள், அவுட்டே இல்லை. அப்போது இறங்கினார். மூன்று பேரையும் வரிசையாக அனுப்பினார். அந்த இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் மட்டையோடு போய், பந்தை மெதுவாகத் தட்டுவதற்கு நிற்பது போலப் பாவனை காட்டி, கடைசி நொடியில் நேராக அடித்து ஒரு ரன்னும் கொண்டுவந்தார். 8–5. ஒன்பதாவதிலும் மூன்று பேர். கடைசி ஆள் மார்ட்டி பாரெட் வீசித் தவறியதும் கையுறையைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்துவிட்டு மண்டியிட்டு விழுந்த படம் உலகத்துக்கே தெரியும்.

#10 · நொட்டாங்கை நாகா

அந்த வருடம் ஜூலை 22 சின்சினாட்டி ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே அண்ணே! பத்தாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸில் ரே நைட்டுக்கும் எரிக் டேவிஸுக்கும் கைகலப்பு. ஆட்களை வெளியேற்றியதில் மெட்ஸுக்கு நிறுத்த ஆள் இல்லை. டேவி ஜான்சன் என்ன செய்தார்? மெக்டவலும் ஒரோஸ்கோவும் மாறி மாறி. இடது கை பேட்டர் வந்தால் ஒரோஸ்கோ மவுண்டுக்கு, மெக்டவல் எல்லைக்கோட்டுப் பக்கம். வலது கை வந்தால் மாற்றிப் போடு. வெளியே போனால்தானே திரும்ப வர முடியாது? மைதானத்துக்குள்ளேயே இடம் மாறலாம். இப்படியே 14 இன்னிங்ஸ் இழுத்து 6–3 என்று வென்றார்கள். அங்கே நின்றபோது ஒரோஸ்கோ கேட்சும் பிடித்தார்.

#11 · சுந்தரி_க

தெரு கிரிக்கெட்டில் ஆள் குறைந்தால் நாங்கள் செய்வது இதுதான். இதற்குப் பெயர் மேஜர் லீகா?

#12 · கரையோர மோகன்

எல்லோருக்கும் நன்றி. நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தேன், அதற்கு மேலேயே ஆகிவிட்டது.

இனி இரண்டாம் பாதி. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. 1987 முடிவில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த ஒரு மாற்றத்தில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போகிறார். புது ஊரில் முதலில் செய்தது வம்பு. பயிற்சி முகாமில் கர்க் கிப்சனின் தொப்பிக்குள் கண்ணுக்குக் கீழே பூசும் கறுப்பு மையைத் தடவி வைத்தார். கிப்சன் நெற்றியைத் துடைக்க, எல்லோரும் சிரிக்க, அவர் கடுப்பாகி முகாமை விட்டே வெளியேறினார். இந்த அணி ஏன் கடைசியில் கிடக்கிறது என்று இப்போது புரிகிறது என்ற அர்த்தத்தில் பேசினார் என்பார்கள். அந்த 1988-ல் டாட்ஜர்ஸ் கோப்பையை வென்றது. அந்தக் கறுப்பு மையே திருப்புமுனை என்று சிலர் இன்றும் சொல்வதுண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்த உலகத் தொடரில் ஒரோஸ்கோவுக்கு ஒரு பந்துகூடக் கொடுக்கவில்லை.

பிறகு கிளீவ்லாந்து, மில்வாக்கி, பால்டிமோர். பால்டிமோரில் மட்டும் ஐந்து வருடம். இந்தக் காலத்தில்தான் வேலையே மாறுகிறது. ஓக்லாந்து மேனேஜர் டோனி லா ரூசா, எக்கர்ஸ்லியைக் கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதற்கு முன்னால் ரிக் ஹனிகட் போன்ற இடது கைகளை ஒன்றிரண்டு பேட்டருக்கு மட்டும் இறக்கினார். அது ஜெயித்தது. எல்லோரும் காப்பியடித்தார்கள். ஒரே ஒரு அவுட்டுக்கான இடது கை ஆள் என்பதைச் சுருக்கி லூகி என்று ஒரு பெயரும் வந்தது.

1983: 62 ஆட்டம், 110 இன்னிங்ஸ்.
2003: 65 ஆட்டம், 34 இன்னிங்ஸ்.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள், ஒரே கை, ஏறக்குறைய அதே அளவு ஆட்டம். ஒன்றில் அவர் சமையல்காரர். மற்றொன்றில் உப்புப் பார்த்துச் சொல்ல மட்டும் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அம்பயர், ஒன்று கேட்கிறேன். உப்புப் பார்க்கிறவருக்கும் எல்லா நாளும் சமையலறையில்தானே இருக்க வேண்டும்? போன் அடிக்கும். எழுந்து புல்பென்னில் இருபது பந்து சூடேற்றுவார். அதற்குள் எதிரணி ஆளை மாற்றிவிடும். உட்கார்ந்துவிடு என்பார்கள். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி போன். அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் ஏறாது. 46 வயது வரைக்கும் தோளும் முழங்கையும் அதைத் தாங்கியிருக்கின்றன. எனக்கு மடிக்கணினிப் பையைத் தூக்கினாலே தோள் பிடித்துக்கொள்கிறது.

#13 · அடையாறு அம்பயர்

பக்னர் விஷயத்தை இப்படி நான் யோசித்ததில்லை, ஸ்கோர்கார்டு. ஒப்புக்கொள்கிறேன். 1983, 1986 இரண்டும் முதல் தரம். டிபன் பாக்ஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் என்றால் என் பதில் இன்னும் இல்லைதான். மொத்தக் கணக்கு 87 வெற்றி, 80 தோல்வி, 144 சேவ், இ.ஆர்.ஏ. 3.16. நல்ல கணக்கு. பில்லி வாக்னரை அதன் பக்கத்தில் வையுங்கள். அவரும் இடது கை ரிலீவர். 903 இன்னிங்ஸ்தான், அதில் 1,196 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் பந்தை அடிக்காமலே அவுட்), 422 சேவ், இ.ஆர்.ஏ. 2.31. அவருக்கே முதல் வருடம், 2016-ல், 10.5 சதவீதம். பத்தாவது வருடம், கடைசி வாய்ப்பு, 2025-ல் 82.5 சதவீதத்தோடு உள்ளே போனார். இடது கை ரிலீவர் ஒருவர் உள்ளே போவது அதுவே முதல்முறை. வாக்னருக்கே பத்து வருடம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்றால் ஒரோஸ்கோவுக்கு வரிசையில் இடமே இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். 424 சேவ் எடுத்த ஜான் ஃபிராங்கோ, இடது கைகளில் அதுதான் அதிகம், அவரும் 2011-ல் ஒரே வருடத்தில் பட்டியலை விட்டு விழுந்தார். அதனால் ஒரோஸ்கோவுக்கு மட்டும் தனி அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலைக்கே அங்கே மதிப்பு குறைவு.

#14 · நொட்டாங்கை நாகா

அம்பயர் சார், வாக்னர் பிறவி இடது கை இல்லை, தெரியுமா? வலது கைக்காரர். சின்ன வயதில் வலது கை முறிந்தது. ஆறி வரும்போது மறுபடியும் முறிந்தது. சும்மா இருக்க முடியாமல் இடது கையால் சுவரில் எறிந்து எறிந்து பழகிய பையன். சாப்பிடுவதும் எழுதுவதும் கடைசிவரை வலது கைதான் என்று படித்தேன். அந்தக் கையில்தான் மணிக்கு நூறு மைல் வந்தது. எங்கள் பாட்டி இதைக் கேட்டிருந்தால் என்னை அத்தனை அடி அடித்திருக்க மாட்டாள்.

இடது கை என்றதும் நம் நாட்டுப் பையன் ஒருவனும் ஞாபகம் வருகிறான். ரிங்கு சிங், கிரிக்கெட்காரர் இல்லை. உத்தரப் பிரதேசம் பதோஹிப் பக்கம், ஈட்டி எறிபவர். 2008-ல் மில்லியன் டாலர் ஆர்ம் என்ற போட்டியில் ஜெயித்து, அதுவரை பேஸ்பாலைத் தொட்டே பார்க்காத ஆள், பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார். 2009-ல் அவர்களுடைய கடைநிலை அணிக்காக ஒரு ஆட்டத்தில் வெற்றியும் அவர் பெயரில் ஏறியது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி. அவரும் இடது கை ரிலீவராகத்தான் படியேறினார். முழங்கை அறுவை சிகிச்சை வந்தது, அதோடு சரி. அப்புறம் மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய் வீர் மகான் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

அவருடைய கையைப் பார்த்த பிறகு ஒரோஸ்கோவின் 24 வருடத்தைப் பாருங்கள். முழங்கை எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புகிறது!

#15 · வேலூர் விக்கி

தப்பாகச் சொன்னதற்கு ஸாரி அண்ணே, இரண்டு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்துவிட்டேன். தூக்கம் போச்சு.

ஒரு சின்ன விஷயம். இனி ஒரோஸ்கோ மாதிரி ஒரு ஆள் வரவே முடியாது, சரிதானே? 2020-லிருந்து புது விதி. இறங்கிய பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அரை இன்னிங்ஸ் முடிய வேண்டும். காயம் பட்டால் மட்டும் விலக்கு. ஆட்டம் இழுக்கிறது என்று கொண்டுவந்தார்கள். ஒரு அவுட் எடுத்துவிட்டுப் போவது இனி பெரும்பாலும் நடக்காது. ராண்டி சோட் என்று ஒரு இடது கை, 2010-ல் 85 ஆட்டம் ஆடினார், 45 இன்னிங்ஸ்கூட வரவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு இப்போது வேலையே கிடையாது.

#16 · கரையோர மோகன்

ஆமாம். 1,252 பத்திரம்.

அந்த விதி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இன்னிங்ஸில் மூன்று தடவை மேனேஜர் நடந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொட்டாவி தெரியும். ஆனால் அந்தக் கொட்டாவிக்கு நடுவில் ஒரு கலை இருந்தது.

#17 · மட்டுறுத்துனர்

வாக்னர் பற்றித் தனி இழை தொடங்கலாம், இங்கே ஒரோஸ்கோவோடு நிறுத்திக்கொள்ளவும். மெட்ஸ் ரசிகர்களும் யாங்கீஸ் ரசிகர்களும் தனிமடலில் எனக்குப் புகார் அனுப்புவதை நிறுத்தவும். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று பேர்தான் இருக்கிறீர்கள்.

#18 · சுந்தரி_க

ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸை என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். கையுறை மேலே போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி, அதை யார் எடுத்துக்கொடுத்தார்கள் என்று. ஆறு வயது. அவனுக்கு அதுதான் முக்கியம்.

என் கேள்வி வேறு. அவ்வளவு தொடக்கத்தைப் பேசினீர்கள், அவர் வீசிய கடைசிப் பந்து எப்படி இருந்தது?

#19 · பழைய ஸ்கோர்கார்டு

கேட்டிருக்கக் கூடாது :) இருந்தாலும் சொல்கிறேன்.

2003-ல் ஒரே சீசனில் மூன்று சட்டை மாற்றினார். சான் டியேகோ, யாங்கீஸ், கடைசியில் மினசோட்டா. ஆமாம், 1978-ல் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கூஸ்மனுக்காகக் கொடுத்த அதே ட்வின்ஸ். 25 வருடம் கழித்து அந்தச் சட்டையோடு முதல்முறையாக மேஜர் லீகில் இறங்கினார்.

செப்டம்பர் 27, டெட்ராய்ட். டைகர்ஸ் அந்த வருடம் அதுவரை 119 ஆட்டம் தோற்றிருந்தது. இன்னும் ஒன்று தோற்றால் 120. அது நவீன கால மோசமான சாதனையின் சமன், அந்தச் சாதனையை வைத்திருந்த அணி 1962-ஆம் வருட மெட்ஸ். ட்வின்ஸ் 8–0 முன்னால். டைகர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து 8–8. ஒன்பதாவது இன்னிங்ஸ், மவுண்டில் ஒரோஸ்கோ. பந்து கேட்ச்சரைத் தாண்டி ஓடியது. வைல்ட் பிட்ச். மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்துவிட்டார், 9–8.

டைகர்ஸ் மறுநாளும் ஜெயித்து 119-லேயே நின்றது. மெட்ஸின் 120 அப்படியே அவர்களிடம் இருந்தது, 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 தோற்கும் வரை. பழைய அணிக்கு அவர் கடைசியாகச் செய்த உபகாரமா அபகாரமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருடத்துக்கு அரிசோனாவோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். சீசன் தொடங்குவதற்கு முன்பே போதும் என்று சொல்லிவிட்டார்.

#20 · அடையாறு அம்பயர்

அந்த வைல்ட் பிட்ச்தான் 1,252-ஆவது. அதையும் சேர்த்துத்தான் சாதனை, மோகன்.